சொந்த வாசல்

சனிக்கிழமை காலையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஜீவானந்தத்தின் வேலை. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. பழைய பனியனால் மேல்தூசியைத் துடைத்து, மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, சின்னப் புனலை வைத்து, கண்ணுக்கு மருந்து விடுவதுபோல ஊற்றுவார். தாழ்ந்து கிடக்கும் சிவப்பு மிதவைகள் மெல்ல எழுந்து வந்து நிற்கும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். கல்யாணமான புதிதில் தன்னைப் பார்த்துக்கூட அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை என்று மனைவி அருள்மேரி சொல்வாள்.

கரண்ட் போனால் ஃபேன் நிற்கலாம், சர்வர் நிற்கக்கூடாது. ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டின் படுக்கையறையில், ஸ்டூலின் மேல், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. சில நூறு பேர் அதில் எழுதுகிறார்கள், படம் போடுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். இதே மாதிரிப் பெட்டிகள் ஊர் ஊராக, யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. ஒன்றில் எழுதுவது மற்றதில் தெரியும். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை.

“மத்ததெல்லாம் வாடகை வூடு மேரி. ஓனர் எப்ப வேணா சாமானத் தூக்கி வெளிய வீசுவான். இதான் நம்ம வாசல்” என்பார். குடியிருக்கிற வீடென்னவோ லக்ஷ்மிநாராயணன் சாருடையது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டதால்தான் சர்வர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது.

பகலில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறார். வாட்ஸப் கிடையாது. தண்ணி லாரி வருவது, மாமியார் வீட்டு விசேஷம், எல்லாம் அருள்மேரியின் போனுக்கு வந்து, அவள் வாயால் அவருக்குப் போகும். “நான்தான் உங்க நோட்டிபிகேஷன்” என்பாள். அவரைப்போலவே வாட்ஸப் இல்லாத இன்னொரு ஆள் டேனியல். அதே லேபில் பக்கத்து நாற்காலி. பிறகு குரோம்பேட்டையில் சொந்தக் கடை. அவர் வீட்டிலும் ஒரு பெட்டி ஓடியது. ரெண்டையும் ஒரே வாரத்தில், ஒரே ஸ்க்ரூடிரைவரால் மாட்டினார்கள். அருள்மேரிக்கு அதில் பிடித்த ஒரே விஷயம், டேனியலின் மனைவி ரோஸி மொட்டைமாடியில் பூத்ததையெல்லாம் படமெடுத்துப் போடுவது. கணவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள்.

பெரிய கம்பெனி ஒன்று தன் ஆப்பையும் இந்தப் பெட்டிகளோடு இணைக்கப்போவதாக அறிவித்தபோதுதான் வினை வந்தது. வரட்டும், நாலு பேர் கூடுதலாகப் படிப்பார்கள் என்றார் டேனியல். ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுக்கிற கதை என்றார் ஜீவானந்தம். மாதக்கணக்கில் எழுதிச் சண்டை போட்டார்கள். நேரில் பார்த்து ஒரு டீ குடித்தால் தீர்ந்திருக்கும். இருவருமே எழுத்தில்தான் சூரர்கள். கடைசியில், அந்தக் கம்பெனியோடு சேர்கிற சர்வர்களை அறுத்துவிடலாமா என்று ஜீவானந்தத்தின் பெட்டியில் ஓட்டெடுப்பு நடந்தது. சரிபாதியாக நின்றது, ஜீவானந்தத்தின் ஓட்டு மட்டும் பாக்கி. சாப்பாட்டு மேசையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காபி ஆறுவதற்குள் அவர் ஒரு பொத்தானை அழுத்தியதை அருள்மேரி பார்த்தாள். கேட்டவர்களிடமெல்லாம், “மெம்பர்ஸ் முடிவு பண்ணிட்டாங்க, நான் இன்னா பண்றது” என்றார்.

சில நாள் கழித்து, “ரோஸிக்கா பூ ஒண்ணும் காணோமே?” என்று கேட்டாள்.

“டேனி அந்தக் கம்பெனியோட சேந்துட்டான்ல, அந்தப் பக்கம் மூடியிருக்கு.”

ரோஸியை அவள் மறுபடி பார்த்தது ஜி.எஸ்.டி. ரோட்டில், பழக்கடைக்குப் பக்கத்துச் சுவரில். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பாதி முகத்தின்மேல் டியூஷன் விளம்பரம் ஒட்டியிருந்தது. அடக்கம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. வாங்கிய கொய்யாவைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

கேட்டதும் ஜீவானந்தம் நேரே ஸ்டூலுக்குப் போனார். தடையை நீக்கினார். டேனியல் எழுதியது அங்கே இருந்தது. மாரடைப்பு என்றும் அடக்கம் எந்த நேரம் என்றும் சொல்லிவிட்டு, இதையே நேரில் வந்து சொன்னதாக எடுத்துக்கொள்ளவும் என்று முடித்திருந்தார். அதற்கும் கீழே ஜீவானந்தத்தின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார். போய்ச் சேராது என்று தெரிந்தே போட்டாரோ, அந்த நேரத்தில் மறந்து போட்டாரோ.

ஒரு முறை அறுத்தால், தடையை எடுத்தாலும் பழைய தொடர்பு தானாக ஒட்டாது. மறுபடி கேட்க வேண்டும், அந்தப் பக்கம் சம்மதிக்க வேண்டும். ஜீவானந்தம் கேட்டார். பதிலுக்குக் காத்திருப்பதாகத் திரையில் வந்தது. தினமும் அதைத் திறந்து பார்த்தார்.

“ரெண்டு ஸ்டாப் தள்ளி இருக்கிற வூட்டுக்கு ரெக்வெஸ்ட் அனுப்பிக்கினு உக்காந்திருக்கீங்க. எழுந்திரிங்க” என்று அருள்மேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிளப்பிக் கூட்டிப்போனாள்.

“வாங்க சார். வாங்கக்கா” என்றார் டேனியல். இத்தனை வருஷம் ‘வாடா’ என்று கூப்பிட்ட வாய். தானே காபி போட்டுக் கொண்டுவந்தார், சர்க்கரை அதிகம். ரோஸியின் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது. அருள்மேரி அழுது முடித்துக் கணவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பஸ்ஸில் வரும்போது உதட்டை அசைத்து அசைத்து ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்.

“பிளாக்கை எடுத்துட்டேன் டேனி” என்றார். “பழைய கனெக்‌ஷன் போனது போனதுதான். ரெக்வெஸ்ட் போட்டிருக்கேன். நீ ஒரு வாட்டி ஓகே குடுத்தா…”

அருள்மேரி அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

டேனியல் அவரை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமில்லை.

“அந்த ஓட்டெடுப்புல நீ எந்தப் பக்கம் போட்ட, ஜீவா?”

ஜீவானந்தத்தின் பார்வை ஹால் மூலைக்குப் போயிற்று. அங்கே டேனியலின் இன்வெர்ட்டர் பேட்டரி தூசி படிந்திருந்தது, அதன் சிவப்பு மிதவைகள் எல்லாம் அடியில் தாழ்ந்து கிடந்தன. அவற்றிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

டேனியல் எழுந்து, ஜீவானந்தம் வாய் வைக்காத டம்ளரை எடுத்துக்கொண்டு, தளும்பாமல் பிடித்தபடி உள்ளே போனார்.