நாலரை மணிக்குக் கொடுத்த பால்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் ஓய்ந்து கொசுவும் காய்ச்சலும் மட்டும் மிச்சமிருந்த நாட்களில், காட்டுப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட்டில் நடந்தது இது. வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. எழுபத்தொரு வயதில் இதைச் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றும் கிடையாது. ஆனாலும் சொல்லிவிடத் தோன்றுகிறது.

நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். தெற்கே ஒரு சின்ன ஊரில் பிளஸ் டூ வகுப்புகளுக்கு முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். பாலூட்டிகள் பற்றிய பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மனைவி இறந்ததும் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலை. மருமகளுக்கு அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனி. பேத்தி பிறந்து ஏழு மாதம் வரை சம்பந்தியம்மா கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். முழங்கால் ஆபரேஷனுக்காக அவர் ஊருக்குப் போன மறுவாரமே மருமகளுக்கு டெங்கு வந்தது. பதினேழு நாள் ஆஸ்பத்திரி. அதில் ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு.

அந்தப் பதினேழு நாளும் குழந்தை என்னிடம்தான் இருந்தாள். டாக்டர் சொன்னபடி டப்பாப் பாலைப் புட்டியில் கலக்கிக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் ஓயாமல் அழுதாள். அப்புறம் என் தோளில் சாய்ந்தால்தான் தூங்குவாள் என்று ஆகிவிட்டது. மகன் தூக்கினால்கூட என்னைத்தான் எட்டிப் பார்ப்பாள். அந்த வயதில் ஒரு உயிருக்கு நான் அத்தனை தேவைப்படுவேன் என்று நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால், மருமகள் வீடு திரும்பியபோது எனக்குள் சந்தோஷத்தோடு வேறொன்றும் இருந்தது. அதற்கு அப்போது நான் பெயர் வைக்கவில்லை.

அவள் பாதி ஆளாக வந்தாள். வந்ததும் குளித்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு பேர் அழும் சத்தம். பால் வற்றிப்போயிருந்தது. வெளியே தூக்கிவந்தபோது குழந்தையோ அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் கை நீட்டியது.

எங்கள் தெருவிலேயே ஒரு நர்ஸ் இருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை. இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மருமகள் அவரை ‘அக்கா’ என்பாள். அவர் வந்து பார்த்துவிட்டு, போன பால் திரும்ப வரும், ஆனால் பாடுபட வேண்டும் என்றார். முதல் வேலையாகப் புட்டியைக் குப்பையில் போடச் சொன்னார். மருமகள் அதற்குள் பூண்டு, வெந்தயக் கஞ்சி, சுறாப்புட்டு என்று ஆரம்பித்திருந்தாள். நர்ஸ் சிரித்துவிட்டார்.

“துன்னு, நல்லா துன்னு, ஒடம்புக்கு ஆவும். ஆனா மாட்டுக்குப் புண்ணாக்கு வெச்சிட்டா மட்டும் பால் வந்துருமா? கன்னுக்குட்டி முட்டணும். முட்ட முட்டத்தான் சொரக்கும். எட்டு மாசத்துப் புள்ள, பல்லு வேற வந்துகீது, நல்லா முட்டும், பயப்படாத.”

நான் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டதும் இதேதான். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால். உறிஞ்சல் நின்றால் பாலும் நிற்கும்.

மருமகள் பட்ட பாடு கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழந்தையை மார்பில் போடுவாள். ஒன்றும் வராவிட்டால் குழந்தை கோபித்துக்கொள்ளும் என்று, மெல்லிய குழாய் ஒன்றை மார்போடு ஒட்டிக் கிண்ணத்துப் பாலை அதன் வழியே இறங்கவிடுவாள். குழந்தை அது அம்மாவின் பால் என்று நம்பி இழுக்க வேண்டும். அப்புறம் பால் எடுக்கும் மெஷினை வைத்துக்கொண்டு கால் மணி நேரம். பத்து நாள் வரை அந்த மெஷின் புட்டியின் அடிப்பகுதி நனைந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் ஒரு டம்ளரில் கால்வாசிப் பாலைக் கொண்டுவந்து, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் என்னிடமே காட்டினாள். “மாமா, பாருங்க!” என்றாள். மாமனாரிடம் காட்டுகிற பொருளா அது என்று உடனே நினைவு வந்து, வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது நான் சொன்னேன்: “எதுக்கும்மா இந்தப் பாடு? உன் புருஷன் மூணு மாசத்திலேர்ந்து டப்பாப் பால்தான். அவன் என்ன கெட்டுப்போயிட்டான், இன்ஜினியராத்தானே இருக்கான்?”

“அதான் மாமா, சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கக்கூடத் தெரியல,” என்றாள். மகன் உட்பட எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்: “பாலுக்காக மட்டும் இல்ல மாமா. அவ என்னை மறந்துட்டா. இது ஒண்ணு வந்துட்டா எங்கிட்ட வந்துருவா.”

விடுப்பு முடிந்து அவள் ஆபீஸ் போக ஆரம்பித்தபோது பகல் பொறுப்பு எனக்கு வந்தது. பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ், அவள் எடுத்துவைத்துவிட்டுப் போகும் கொஞ்சம் பால். அது போதாவிட்டால் டப்பாப் பால், அதுவும் பாலாடைச் சங்கில்தான், புட்டி கூடாது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “நான் ஆறு மணிக்கு வந்துருவேன் மாமா. நாலு மணிக்கு மேல ஒண்ணும் குடுத்துறாதீங்க. பசியோட இருந்தாத்தான் எங்கிட்ட இழுப்பா. கொஞ்சம் அழுவா, தோள்ல போட்டு நடங்க.”

முதல் நாள் நடந்தேன். நாலரைக்கு ஆரம்பித்த அழுகை ஆறு வரை ஓயவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மெயின் ரோட்டு மெடிக்கலில் ஒரு புட்டியும் ஒரு பால்பொடி டப்பாவும் வாங்கி, என் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். சரியாக நாலரைக்கு முழுப் புட்டியைக் கொடுத்தேன். என் மடியிலேயே குடித்துவிட்டு, என் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தூங்கிப்போனாள்.

அழுகை தாங்கவில்லை என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை என்னிடம் மட்டும் அடங்குவது எனக்குப் பிடித்திருந்தது. ஆறு மணிக்குக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, படி ஏறி, முகம்கூடக் கழுவாமல் மருமகள் கை நீட்டுவாள். வயிறு நிறைந்த குழந்தை இரண்டு தடவை இழுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு என்னைத் தேடும். ‘தாத்தாகிட்டயே இருக்கணுமா உனக்கு?’ என்று நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று எனக்குக் கூசுகிறது.

இப்படி ஏறக்குறைய ஐந்து வாரம். டம்ளரில் கால்வாசி வரை ஏறிய பால் மறுபடி இறங்க ஆரம்பித்தது. அவள் தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டாள். ஆபீஸில் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை, கவலைப்படுகிறேன், என் உடம்பே இப்படித்தான் என்று. எல்லாம் என் காதில் விழுந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை நர்ஸை வரச்சொன்னாள். அவர் குழந்தையை மார்பில் போடச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். நேராக என்னிடம்தான் கேட்டார்.

“இன்னா பெரியவரே, பகல்ல புள்ளைக்கு இன்னா குடுக்கறீங்கோ? இது புட்டி சப்புன வாய் மாறி கீதே. நுனியில சப்பிட்டு, ஒடனே வர்லன்னா உட்டுடுது.”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மருமகள் வந்துவிட்டாள். அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. “அக்கா, யாரை என்ன கேக்குறீங்க? பாப்பாவுக்காக மாமா பதினேழு நாள் தூங்கல. நான் சொல்லாம ஒரு சொட்டு குடுக்க மாட்டாரு. எங்க அப்பாவா இருந்தாக்கூட நான் இவ்ளோ நம்பி விட்டுட்டுப் போயிருக்க மாட்டேன்.”

நர்ஸ் என்னையே பார்த்தார். “கோச்சிக்காதம்மா, கேக்கறது என் வேலை,” என்றார். “நீங்களே சொல்லுங்க பெரியவரே.”

“அவதான் சொல்லிட்டாளே,” என்றேன் நான்.

இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. அந்த அளவுக்குப் படித்தவன். நர்ஸ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது நான் கொடுத்த காபியைக் குடிக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். திங்கட்கிழமை நிறுத்தினேன். குழந்தை ஐந்தரை வரை அழுதாள். செவ்வாய்க்கிழமை மறுபடி கொடுத்தேன்.

அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகன் டூட்டிக்குப் போயிருந்தான். மருமகள் அந்த மெஷினைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாக வெந்நீரில் கழுவி, துண்டில் காயவைத்து, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து டேப் ஒட்டினாள். பத்து மாதக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து டேப் சுருளை உருட்டிக்கொண்டிருந்தது.

“போதும் மாமா, விட்டுட்டேன்,” என்றாள். “ஒரு வாரமா பால் துளிகூட இல்ல. உங்களையும் போட்டு ரொம்பப் படுத்திட்டேன். சாயங்காலம் சாயங்காலம் அவ அழுறதை நீங்கதான் தாங்குனீங்க. மன்னிச்சிருங்க.”

அவள் மன்னிப்புக் கேட்காமல் இருந்திருந்தால் நான் இந்த ஜென்மத்தில் சொல்லியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, புட்டியையும் மூன்றாவது டப்பாவையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். நாலரை மணிக்கு, தினமும், என்றேன்.

அவள் அந்தப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“எப்பலேர்ந்து?”

“நீ ஆபீஸ் போன மூணாம் நாள்லேர்ந்து.”

“அக்கா வந்து கேட்டாங்களே, அப்பவும்?”

“அப்பவும்.”

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “நான் உங்களுக்காகச் சண்டை போட்டேனே மாமா,” என்று மட்டும் சொன்னாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தை உள்ளேயிருந்து என்னைக் கேட்டு அழுதது. நான் போகவில்லை.

மறுபடி முயற்சி செய்யலாம், இனி நீ சொன்னபடி நடக்கிறேன் என்று இரண்டு நாள் கழித்துச் சொல்லிப் பார்த்தேன். “உடம்புல தெம்பு இல்ல மாமா,” என்றாள். அந்த மாதக் கடைசியிலேயே குழந்தையை அவள் ஆபீஸ் பக்கம் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். மகன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பகலெல்லாம் ஃப்ளாட்டில் நான் மட்டும்தான்.

பேத்திக்கு இப்போது நாலு வயதாகப் போகிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள். இதில் என்ன கெட்டுப்போனது, டப்பாப் பால் குடிக்காத பிள்ளை உண்டா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். குழந்தைக்கு ஒன்றும் கெடவில்லைதான். செத்துப் பிழைத்து வந்த ஒரு பெண் தன் பிள்ளையிடம் திரும்பிப் போக ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தினமும் மாலையில் அதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். குழந்தை பிறகு அம்மாவிடம் தானாகவே ஒட்டிக்கொண்டது, பால் இல்லாமலே. அதற்கு ஆன மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

மருமகள் இன்றும் எனக்கு வேளை தவறாமல் சாப்பாடு போடுகிறாள், மாத்திரை வாங்கிவருகிறாள், மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போய் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே குழந்தையிடம் கேட்பாள்: “தாத்தா என்ன குடுத்தாங்க?” குழந்தை சொல்லும். அப்புறம்தான் என்னைப் பார்ப்பாள்.

இப்போதெல்லாம் யாராவது என் முன்னாலேயே என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், பாதியிலேயே நிறுத்தி ‘இல்லை’ என்று சொல்லிவிட நாக்கு துடிக்கிறது. சொல்லியே ஆக வேண்டியிருந்த அந்தச் சனிக்கிழமை அது அசையவே இல்லை.