நெல்லில் நடந்து எழுதிய அ

ஜெர்மனியிலிருந்து வலங்கைமான் பக்கத்தில் என் மனைவியின் ஊருக்கு நாங்கள் திரும்பியது ஆனி மாதக் கடைசியில். மகளுக்கு ஐந்து வயது. பள்ளியில் சேர்க்கப் போனபோது யுகேஜி ஆசிரியை நாலுகோடு நோட்டை நீட்டி, "அ எழுதும்மா" என்றார். மகள் பென்சிலை அழகாகப் பிடித்து ஒரு நத்தையை வரைந்தாள்.

"காலாண்டு லீவு முடியறதுக்குள்ள உயிரெழுத்து வரலைன்னா எல்கேஜிதான் சார்" என்றார் ஆசிரியை.

வீட்டில் மனைவியின் அண்ணன் விடவில்லை. "அங்க என்னதான் மாப்ள சொல்லிக்குடுத்தாங்க?"

"கத்தரிக்கோல் பிடிக்க, மண் பிசைய, மணி கோக்க. எழுத்தெல்லாம் ஆறு வயசுக்கு மேலதான்."

"அப்ப தையக்கடையில விட்டுருவோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் அவள் குன்றிப்போவாள். அங்கே முதலில் கையைத் தயார் செய்கிறார்கள், எழுத்து பிறகு வருகிறது. இங்கே முதலில் எழுத்து; பக்கம் முடிவதற்குள் பிள்ளைகள் விரலை உதறுகிறார்கள். இவளுக்கு விரல் தயார், எழுத்துதான் இல்லை. கையைப் பிடித்து எழுத வைத்தால் உருவிக்கொண்டாள். ஆடியும் ஆவணியும் அப்படியே போயின.

புரட்டாசியில் குறுவை அறுவடை முடிந்து, மச்சான் களத்தில் நெல்லைக் காயப் போட்டார். நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிட வேண்டும். காலாண்டு விடுமுறையில் இருந்த மகளும் இறங்கினாள். அவள் பின்னால் விழுந்த கோட்டைப் பார்த்தபோது ஜெர்மனியில் அவளுடைய வகுப்பு நினைவுக்கு வந்தது. தரையில் கயிற்றை வளைத்துப் போட்டு, அதன்மேல் பிள்ளைகளை நடக்க விடுவார்கள்.

நான் நெல்லில் பெரிதாக ஒரு 'அ' நடந்தேன். அவள் அதே தடத்தில் வந்தாள். அடுத்ததைத் தனியாக நடந்தாள்.

"என்ன மாப்ள, நெல்லுல விளையாட்டு?"

"எப்படியும் கிளறத்தானே வேணும்?"

மச்சான் யோசித்தார். "அப்ப அந்த மூலையில இன்னும் ஈரம் இருக்கு. அங்க ஒரு ஔ போடச் சொல்லுங்க."

நெல் காய்வதற்குள் அத்தனை உயிரெழுத்தும் அவள் காலுக்கு வந்துவிட்டது. சாயங்காலங்களில் தானே பென்சிலை எடுத்தாள். நெல்லில் நடந்ததை நோட்டில் சின்னதாக எழுதினாள். விரல் வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

பள்ளி திறந்த அன்று ஆசிரியை கேட்கக் கேட்க எழுதினாள். ஃ வரை வந்ததும் ஆசிரியை நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வளைவெல்லாம் பிசிறே இல்லாம இருக்கே. யாரு சொல்லிக்குடுத்தா?"

"நெல்லு காயப் போட்டோம் மிஸ்" என்றாள் மகள்.

அவர் விழித்தார். பிறகு, "யுகேஜியிலயே இருக்கட்டும் சார்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.