அமாவாசைக்கு லீவு விட்ட மாத்திரை

பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் பிரசவம் பார்ப்பதுதான் சுலபமான வேலை. அதுவரைக்கும் வீட்டாருக்குப் பதில் சொல்லி மாளாது. என்னைப் போல வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இது புரியும்.

கழுத்தும் வயிறும்

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் தேவகி என்று ஒரு நெசவாளியின் மனைவி முழுகாமல் இருந்தாள். முதல் கர்ப்பம் கலைந்துபோனவள். கழுத்தில் வீக்கம், எந்நேரமும் தூக்கம், சித்திரை வெயிலிலும் குளிர். தைராய்டு குறைவு என்று சொல்லி, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடச் சொன்னார் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

நிறுத்தினால் இந்தப் பிள்ளையும் தங்காமல் போகலாம், தங்கினாலும் மூளை வளர்ச்சி குறையலாம் என்று மாமியார் கன்னியம்மாளிடம் தொண்டை வற்றச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தம்மாள் சொன்னார்: "வீக்கம் கழுத்துல, புள்ள வயித்துல. அதுக்கும் இதுக்கும் இன்னாமா சம்பந்தம் இருக்குது?"

அமாவாசை

அடுத்த முறை போனபோது டப்பாவில் மாத்திரை மிஞ்சிக் கிடந்தது. அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. அந்த வீட்டில் அன்று மாத்திரையும் கிடையாதாம். அதோடு விட்டார்களா? பழைய பாவு நூல் தீர்ந்து புதுப் பாவு பிணைக்கும் நாட்களிலும் தறி சும்மா இருக்கும், அப்போதும் கிடையாதாம்.

"வயித்துல இருக்கிற புள்ளை அமாவாசைக்கு வளராம நிக்குமா?" என்று கத்திவிட்டேன். தேவகியின் புருஷன் ஏகாம்பரம் நிதானமாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். தறிக்கே லீவு வுடறோம், பாவம், ஒடம்புக்கு வுடக் கூடாதா?"

குங்குமச் சிமிழ்

எனக்கு வெறுத்துப்போய்விட்டது. வழி கண்டுபிடித்தவள் தேவகிதான். மாத்திரை டப்பாவைச் சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. கேட்டதற்குச் சிரித்தாள்: "குங்குமத்துக்கு லீவு இல்லியே சிஸ்டர். குளிச்சிட்டு அத்த வச்சதும் இத்த முழுங்கிடறேன்."

அறுத்தாச்சு

பெண் குழந்தை. வார்டே அதிர அழுதது. கையும் காலும் உதறிய வேகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார்.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "மாத்திரையை நிறுத்திடாதீங்க, தேவகிக்கு ஆயுசுக்கும் வேணும்" என்றேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கன்னியம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "சேலதான் அறுத்து எடுத்தாச்சே, இன்னும் எதுக்குமா தறி ஓட்டிக்கினு இருக்கணும்?"

தேவகிக்கு ஆயுசுக்கும் மாத்திரை எழுதிய டாக்டரம்மா, அவள் மாமியாருக்குப் பதில் சொல்லும் வேலையையும் எனக்கு ஆயுசுக்கும் எழுதிவிட்டார்.