மாட்டின் மேல் போட்ட பழி

ஆறு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம். "மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டீரா?" என்று இரண்டு வாசகர்கள் கார்டு போட்டு விசாரித்திருந்தார்கள். விழவில்லை. நான் விழவில்லை... அதுதான் விஷயமே.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருத்தணியில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய் அம்மை குத்துவது, கிணற்றுக்கு மருந்து போடுவது என் வேலை. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று எனக்கு வாய்த்தது. பச்சை பெயின்ட், எருமை கனம். கிழக்கே மணவூர் வரைக்கும், மேற்கே பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை வரைக்கும் அதில்தான் சுற்றுகிறேன்.

மோட்டார் சைக்கிள்காரன் பிழைப்பு என்னவென்று நினைக்கிறீர்கள்? பெட்ரோல் கூப்பனுக்கு ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். ரயில்வே கேட்டில் நின்றால் நாலு பேர் டாங்கியைத் தட்டிப் பார்ப்பார்கள். ஊருக்கு ஊர் ஒரு நாய் நமக்கென்றே காத்திருக்கும். புழுதியில் புருவம் நரைத்துவிடும். எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு சங்கடம். என் வண்டிச் சத்தம் அரை மைலுக்கு முன்பே கேட்டுவிடும். "ஊசி குத்தறவரு வராரு டோய்!" ஊருக்குள் நான் நுழையும்போது ஒரு குழந்தைகூட இருக்காது. அத்தனையும் சோளக்கொல்லையில்.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

என் வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவர் காதர் பாய். ஸ்டேஷன் ரோட்டில் மெக்கானிக். இஞ்சின் ஓடுகிறபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். தை மாசக் கடைசியில் ஒரு நாள் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சார், சைலன்ஸர்ல ஓட்டை வுயுந்துட்ச்சி. ஆக்ஸிலேட்டரை வுடறப்போ வெடி மாதிரி வெடிக்குது பாருங்க. ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க. பத்தவெச்சுக் குடுத்துடறேன்."

"அடுத்த வாரம் பார்க்கலாம் பாய். வேலை இருக்கிறது" என்றேன்.

வேலை இருந்தது வாஸ்தவம். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. கடைத்தெருவில் போனால் தராசைப் பிடித்திருக்கிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான். நாற்பது வயசில் ஒரு மனுஷனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அடுத்த செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஆர்.கே.பேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ரோடு ஓர் ஏரிக்கரை மேல் ஏறிப் போகிறது. ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் ஓர் ஆள் உயரப் பள்ளத்தில் வயல். எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. வேர்க்கடலை மூட்டைகள். மூட்டைகளின் மேல் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

மரியாதையாக ஓரம் ஒதுங்கினேன். ஆக்ஸிலேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்தேன். என் வண்டி வெடித்தது — ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

மாட்டு வண்டிக்கும் எனக்கும் இருபது கெஜம் இருந்தது. வலத்து மாடு, வெள்ளை மாடு, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. மற்ற மாட்டையும் இழுத்துக்கொண்டு போயிற்று. சக்கரம் கரையை விட்டு இறங்கியதைப் பார்த்தேன். அப்புறம் வண்டி இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது.

கீழே இறங்கி ஓடினேன். மாடுகள் கழன்றுகொண்டு வயலில் நின்றன. வண்டிக்காரர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளின் இடது கால் வண்டிச் சட்டத்துக்கு அடியில் இருந்தது. நானும் வண்டிக்காரரும் சட்டத்தைத் தூக்கினோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. பார்த்தாலே தெரிந்தது.

அந்த அம்மாள் கத்தவில்லை. "மூட்டைய பாருய்யா, அவுந்துடப் போவுது" என்றார்.

வண்டிக்காரர் பெயர் முனிரத்தினம். அந்த அம்மாள் அவர் மனைவி செங்கம்மா. வண்டிப் பாரம் ஏற்றித்தான் பிழைப்பு. வண்டியிலிருந்து இரண்டு கழிகளை உருவி, என் தலைத்துண்டைக் கிழித்துக் காலுக்குக் கட்டினேன். இதெல்லாம் எனக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

"திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்" என்றேன்.

"வேணாங்கய்யா. புத்தூருக்கு இட்டுகினு போயி கட்டு போட்டுக்கறோம். எங்க சனத்துல எல்லாருக்கும் அங்கதான்" என்றார் முனிரத்தினம்.

அரை மணியில் கரியில் ஓடுகிற பஸ் புகை கக்கிக்கொண்டு வந்தது. அதில் ஏற்றித் திருத்தணி, அங்கிருந்து ரயிலில் புத்தூர் என்று ஏற்பாடு. அதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். கிராம முன்சீப்பும் வந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். சர்க்கார் உத்தியோகஸ்தன் அல்லவா?

"வண்டி மேல மோதினீங்களா சார்?"

"இல்லை."

"எவ்ளோ தூரம் இருந்துச்சி?"

"இருபது கெஜம்."

"அப்ப மாடு மெரண்டு கவுந்துட்ச்சி. அவ்ளோதான்." நோட்டை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. கவனித்தீர்களா? ஒரு வார்த்தைகூட.

அதற்குமேல் ஒன்று நடந்தது. பஸ் கிளம்பும் நேரம் முனிரத்தினம் படியில் நின்றபடி என்னைக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்கய்யா. வெள்ள மாடு புதுசு. பொங்கலுக்குதான் புட்சாந்தேன். ரோட்டு பழக்கம் பத்தல. ஒங்களுக்கும் தொந்தரவு பண்ணிட்டேன்."

அந்த இடத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்லை, போய் வாருங்கள்" என்றேன். பரவாயில்லையாம்!

மறுநாள் வண்டியைக் காதர் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்டார்ட் பண்ணவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனேன். அவர் சைலன்ஸரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருக்கும் அடி கிடி ஒண்ணும் இல்லியே சார்?"

"இல்லை" என்றேன்.

இது முழுப் பொய். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டவனுக்கு அடுத்த படி எவ்வளவு சுலபம் பாருங்கள்.

அந்த வாரம் இந்தப் பக்கத்துக்கு எழுத உட்கார்ந்தேன். எருமைகளும் மோட்டார் சைக்கிளும் என்று வேடிக்கையாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. மறுவாரமும் அப்படியே. வீட்டில் மனைவி "ஜுரமா?" என்று கேட்டாள். ஜுரம் இல்லை என்று தெர்மாமீட்டர் சொல்லிற்று.

பதினாறாம் நாள் தாங்கவில்லை. முனிரத்தினம் வீட்டைத் தேடிப் போனேன்.

செங்கம்மா கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். மூங்கில் பத்தை வைத்துப் பச்சிலைக் கட்டு. இரண்டாவது கட்டாம். எலும்பு கூடிவருகிறது, ஆடிக்குள் பழையபடி நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாசலில் வண்டி நுகத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரே ஒரு மாடு. சிவப்பு மாடு.

"வெள்ளை மாடு எங்கே?" என்று கேட்டேன்.

"குடுத்துட்டேங்க" என்றார் முனிரத்தினம். "அதுக்கு நெத்தியில கெட்ட சுழி இருக்குதுன்னாங்க. வாங்கறப்போ ஒருத்தனும் சொல்லல. வண்டி கவுந்த மறுநாளு வந்து பாக்கறவன்லாம் சுழியக் காட்றான். இவளும் பேச ஆரம்பிச்சிட்டா. போன சந்தையில தரகன்கிட்ட கெடச்ச வெலைக்கித் தள்ளிட்டேன்."

நான் நின்றபடியே சொன்னேன். சைலன்ஸர் ஓட்டை, பாய் எச்சரித்தது, நான் தள்ளிப்போட்டது, ஏன் தள்ளிப்போட்டேன் என்பது வரைக்கும் சொன்னேன். மாடு செய்ததில் தப்பே இல்லை. அந்த வெடிக்குப் பழகிய மாடும் மிரண்டிருக்கும் என்றேன்.

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு சிவப்பு மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

செங்கம்மா கட்டிலில் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். "அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாங்க?"

அவரே மேலே சொன்னார்:

"பதினாறு நாளா இந்த மனுசனை நான் திட்டாத திட்டு இல்ல. கண்ணு தெரியலியா, சுழி பாத்து வாங்கத் தெரியலியான்னு... சோறு துன்ன வுடலிங்க நானு. ஒரு வார்த்தை திருப்பிப் பேசாம கேட்டுகினு இருந்தாரு. மாட்ட ஓட்டிகினு போறப்போ அழுதுகினே போனாரு. காலு ஒடஞ்சது போவட்டும். அது கூடிக்கும். இத இன்னா பண்ணுவீங்க?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாருங்கள், மாட்டைத் தேடலாம்" என்று முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மோட்டார் சைக்கிளில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிரே மாட்டு வண்டி தெரிந்தால் நான் இஞ்சினை நிறுத்தி, இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். சைலன்ஸர் பழுது பார்த்தாகிவிட்டது, இருந்தாலும் நிறுத்தினேன். பொதட்டூர்பேட்டையில் தரகன் அகப்பட்டான். மணவூர்ப் பக்கம் கிஷ்டப்பன் என்கிற குடியானவருக்கு விற்றுவிட்டதாகச் சொன்னான். திருத்தணி வழியாகத் திரும்பி மணவூருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது.

கிஷ்டப்பன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்குகிற ஜோடியில் ஒன்று வெள்ளை மாடு. முனிரத்தினம் நான் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே குதித்துவிட்டார். மாட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"இன்னா நைனா, நல்லா கீறியா?"

மாடு அவர் கையை நக்கியது.

மாட்டைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டோம். கிஷ்டப்பன் நல்ல மனிதர். ஆனால் தலையை ஆட்டிவிட்டார். "மெரளற மாடுன்னு சொல்லித்தான் குடுத்தான். அது மெரண்டு நான் ஒரு நாளும் பாக்கலிங்க. எங்க மாட்டோட எணை சேந்துட்ச்சி. இப்ப பிரிச்சா ரெண்டும் கெட்டுப்பூடும். கொல்லை காஞ்சிகினு கீது. நீங்க வேற எதுனா கேளுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முனிரத்தினம் மாட்டின் திமிலைத் தடவிக் கொடுத்தார்.

"சரிங்க, வெச்சுக்கோங்க. ஒண்ணே ஒண்ணு." என் பக்கம் திரும்பினார். "அய்யா, இதும் மேல தப்பு இல்லன்னு இவருகிட்ட நீங்க உங்க வாயால சொல்லிடுங்க. பின்னால இவரும் எதுக்குனா கோவத்துல அட்ச்சிடப் போறாரு."

சொன்னேன். சட்டையெல்லாம் புழுதி, முன்னால் இரண்டு பேர், ஒரு ஜோடி மாடு. எத்தனையோ கூட்டத்தில் சுகாதாரம் பற்றிப் பேசியிருக்கிறேன். இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசியதில்லை.

"ஆங்... அதான் மாட்டப் பாத்தாலே தெரியுதே" என்றார் கிஷ்டப்பன்.

மறுநாள் காதர் பாயிடம் போனேன். அன்று பொய் சொன்னேன் என்றேன். "தெரியும் சார். வண்டிய தள்ளிகினு வந்தீங்களே, அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைக்கப் போய்விட்டார். முன்சீப்பிடம் போய் நோட்டைத் திருத்தச் சொன்னேன். எழுதினதை அடித்தால் மேலே கேள்வி கேட்பார்கள் என்று முனகினார். மூன்றாம் தடவை போனபோது என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி நோட்டை நீட்டினார். போட்டேன். முனிரத்தினத்துக்கு வேறு மாடு வாங்க என் பங்கைக் கொடுத்தேன். அதை இங்கே விவரித்துப் பெருமை தேடிக்கொள்வதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது மாட்டைப் பார்க்கப் போனேன். செங்கம்மா கோலை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்திருந்தார். மணவூர் மாட்டைப் பற்றிக் கேட்டார். நன்றாக இருக்கிறது, அம்மை குத்தப் போகிறபோதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

"களி கிளறி வெச்சிக்கீறேன், துன்னுட்டுப் போங்க" என்றார்.

முனிரத்தினமும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு. கை கழுவிக்கொண்டு வண்டிக்குப் போகிறபோது அந்த அம்மாள் பின்னால் கூப்பிட்டார்.

"அய்யா, ரோட்டுல போறவங்க, நாளைக்கி எங்கனா இடிச்சாலும் இடிப்பீங்க. ஆனா அன்னிக்கே சொல்லிடுங்க."