அம்மாவின் கழுத்தில் ஊதாக் கோடு

ஈர மஞ்சளின் வாசனை மூக்கில் ஏறினால் நான் இன்றும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஊருக்கெல்லாம் அது மங்கல வாசனை. எனக்குப் பயத்தின் வாசனை.

1930களில் நாங்கள் பினாங்குத் தீவில், பினாங்குத் தெருவில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. அம்மாவின் கழுத்தில் எழுந்த கட்டியைப் புற்று என்று சொல்லி, பெரியாஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் ‘கரண்டு வெளிச்சம்’ என்று நாங்கள் சொன்ன எக்ஸ்ரே கதிரைக் காட்டினார்கள். வெளிச்சம் விழ வேண்டிய இடத்தைச் சுற்றி டாக்டர் ஊதா மையால் கட்டம் போட்டிருந்தார். “அந்த எடத்துல தண்ணி, சவுக்காரம், எண்ணெ, மஞ்சள் எதுவும் ஆகாது. கோடு தப்புனா வெளிச்சமும் தப்பும்” என்று ‘மிஸ்ஸி’, அதாவது நர்ஸ், ஒவ்வொரு தடவையும் எச்சரிப்பார். தோல் வெந்து சிவந்ததையும், கஞ்சி விழுங்கும்போது தொண்டை எரிந்ததையும் பொறுத்துக்கொண்ட அம்மாவுக்கு மஞ்சள் பூசாமல் இருப்பதுதான் பொறுக்கவில்லை.

ஆடி வெள்ளியன்று அப்பா துறைமுக வேலைக்குப் போனதும் மஞ்சளை உரைத்தாள்.

“மிஸ்ஸி திட்டுவாங்கம்மா.”

“ஆடி வெள்ளியும் அதுவுமா வெறுங்கழுத்தா நின்னா உங்கப்பாவுக்குல்ல ஆகாது? பேசாம தண்ணி ஊத்துடி.”

ஊற்றினேன். துடைத்த துண்டில் மஞ்சளோடு ஊதாவும் வந்தது. கழுத்தில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. அம்மா துண்டைச் சுருட்டி ஒளித்தாள். அன்று பத்து மணிக்கு வெளிச்சம் காட்டவேண்டும். “நீதான் தெனமும் பாக்குறியே, அதே மாதிரி போட்டுவிடு” என்று கெஞ்சினாள். பள்ளிக்கூடத்து ஊதாப் பென்சிலை எச்சிலில் தொட்டு, அவள் வலியில் பல்லைக் கடிக்கக் கடிக்கப் போட்டேன். மேல்கோடு காது மடலுக்கு ஒரு விரல் கீழேயா, இரண்டு விரலா? நினைவில்லை. இரண்டு என்று போட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து பார்த்துச் சரியென்று தலையசைத்தார். மிஸ்ஸி கதவைச் சாத்தப் போனார். அம்மா கண்ணாலேயே சொல்லாதே என்றாள். வெளிச்சம் தப்பினால் அம்மா செத்துப்போவாள் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

“மிஸ்ஸி, அது நான் போட்ட கோடு!” என்று அலறினேன்.

மிஸ்ஸி அம்மாவைத் திட்டித் தீர்த்தார். பழைய அளவைப் பார்த்துப் புதிதாகப் போட்டார்கள். ஒரு விரல்தான்.

கட்டி கரைந்தது, அம்மா மேலும் எட்டு வருஷம் இருந்தாள். இன்று அந்த வீடும் இல்லை, எச்சில் பட்டால் ஊதாவாகும் பென்சிலும் இல்லை. இப்போதெல்லாம் அழியாதபடி தோலிலேயே புள்ளி குத்திவிடுகிறார்களாம். அம்மா, அவள் ஆசைப்பட்டபடி, அப்பாவுக்கு முன்பே மஞ்சள் குங்குமத்தோடு போனாள். கடைசியாகக் குளிப்பாட்டியபோது நான்தான் மஞ்சள் பூசினேன். இனி யாரும் திட்டப்போவதில்லை என்று தெரிந்தும், கழுத்தில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் பூசினேன்.