தண்ணீர் ஊற்றாத பாதி

என் மனைவி நாகஜோதி பிஎச்.டி. சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயது. இப்போது முப்பத்தேழு. "இன்னுமா முடியல?" என்று கேட்காத சொந்தக்காரர் எங்கள் ஊர் கெங்குவார்பட்டியில் ஒருவர்கூட மிச்சமில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவள் வருவதில்லை. நான் மட்டும் போய், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வருவேன்.

அவள் ஆராய்ச்சி இதுதான். உண்ணிச்செடி மண்டி வீணாய்ப் போன மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர். அதை வெட்டிச் சுத்தம் செய்து, ஒரு காலத்தில் அந்த மலையில் நின்ற நாவல், வேங்கை, தான்றி, மருது என்று இருபது வகைக் கன்றுகளை நட்டாள். வலது பாதிக்குக் கோடையில் தண்ணீர் உண்டு. இடது பாதிக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. எந்தப் பாதியில் எத்தனை வகை பிழைக்கிறது, என்னென்ன பறவையும் எறும்பும் திரும்பி வருகின்றன என்று பார்க்க வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். நான் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எறும்பில் இத்தனை வகை உண்டு என்பதே எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். வெயிலில் குனிந்து குனிந்து அவளுக்கு முதுகு போனதும் அதற்கப்புறம்தான்.

அதிசயமாக இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பிழைத்தன. தண்ணீரே இல்லாமல் இந்தக் கன்றுகள் தேறிவிடும் என்று எழுதினாள். கருத்தரங்கில் கைதட்டினார்கள். அதை நம்பி, ஒரு தொண்டு நிறுவனம் ஐம்பது ஏக்கரில் தண்ணீர் ஊற்றாமலே நடப்போவதாக எழுதியது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் ஒரு தனியார் கல்லூரியில் வேலையும் தயாராக இருந்தது. அந்த வேலையை நம்பித்தான் இத்தனை வருடமும் நாங்கள் வண்டியை ஓட்டினோம்.

போன வருடம் மே மாதம், ஆய்வேட்டுக்குக் கடைசியாக நாலு போட்டோ வேண்டும் என்றாள். வழக்கமாக வியாழக்கிழமைதான் போவாள். அன்றைக்கு ஞாயிறு, கடை லீவு. இரண்டு பேரும் வண்டியில் போனோம். வலது பாதிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கென்று கூலிக்கு வைத்திருந்த கஸ்தூரியம்மாள், குடத்தோடு இடது பாதியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா செய்யிறீங்க?" என்று கேட்டாள் ஜோதி.

"நீ சொன்ன பக்கம் நேத்தே ஊத்திட்டேன் ஆத்தா. இது நானா ஊத்துறது. கூலி கேக்க மாட்டேன்."

"எத்தன நாளா?"

"நட்ட வருசத்துல இருந்துதான், ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை. அங்கன நிக்கிறது குடிக்குது, இங்கன நிக்கிறது பாத்துக்கிட்டே வாடுது. எப்பிடி ஆத்தா தாண்டிப் போறது? நானும் வெள்ளாமை பாத்தவதான?"

வியாழனுக்குள் வெயில் அந்த ஈரத்தைச் சுத்தமாகக் குடித்திருக்கும்; அதனால்தான் ஜோதியின் கண்ணில் படவே இல்லை. அவள் குனிந்து ஒரு கன்றின் அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆறு வருசப் பாட்டை மொத்தமாக் கவுத்திட்டீகளே" என்று கத்தினேன்.

"ஏன்யா, செடி செத்தாத்தான் ஒங்களுக்குச் சந்தோசமா?" என்று கேட்டார் கஸ்தூரியம்மாள். பாவம், அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் சொன்னது இது: "யாருக்குத் தெரியப் போகுது? பேசாமக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா."

"அம்பது ஏக்கர்ல நடுவாங்க. ஒண்ணும் நிக்காது."

"அது அவுக பாடு ஜோதி."

அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை. அன்றைக்கு எனக்கு அலுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாளே அவள் தன் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தொண்டு நிறுவனத்துக்கும் எழுதினாள். பேராசிரியர் அரை மணி நேரம் திட்டினார். பிறகு, இரண்டு பாதியிலும் புதுக் கன்று வைத்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லி, இரண்டு வருடம் அவகாசம் வாங்கித் தந்தார். கல்லூரி வேலை வேறு ஆளுக்குப் போனது.

ஐப்பசி மழையில் பக்கத்துக்கு நூறு கன்று நட்டோம். ஜோதி கஸ்தூரியம்மாள் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"அக்கா, வலது பக்கம் மட்டும் ஊத்துங்க. இடது பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க."

"பாக்காம இருக்க முடியாது ஆத்தா. வேற ஆளப் போட்டுக்க. கோவிச்சுக்கிறாத."

வேறு ஆளை நம்ப ஜோதிக்குத் தைரியம் வரவில்லை. அந்த முதுகோடு இந்தக் கோடை முழுக்க அவளே குடம் தூக்கினாள். வலது பக்கம் ஊற்றிவிட்டு, இடது பக்கத்தைத் தாண்டி வருவாள். வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

மே மாதக் கடைசியில் எண்ணினாள். இடது பாதியில் நூறில் எண்பத்தொன்று செத்திருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒருவழியாகக் கணக்கு நேரானதே, இனிமேலாவது நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் வண்டியை எடுக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால், ஒரு காய்ந்த நாவல் கன்று முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒரு கொடம் ஊத்தியிருந்தா இது நின்னிருக்கும்" என்றாள்.