ரொக்கற் என்று எழுதக்கூடாத ரொக்கற்

தொண்ணூறாம் ஆண்டு போரினால் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து, சாவகச்சேரியில் என் தாய்மாமன் மனைவியின் வீட்டு முன்னறையில் குடியேறினோம். மாமி தனியாக இருந்தவர். எங்களைக் கண்டதும் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்தது.

குறை அவருடையதல்ல. என் கணவர் பதினொரு வருடம் ஓர் ஆலையில் இயந்திரம் திருத்தியவர். ஆலை மூடப்பட்ட செய்தி அவருக்குத் தெரியும், அவருடைய கைகளுக்குத் தெரியாது. எனவே மாமியின் வீட்டைத் திருத்தத் தொடங்கினார். முதலில் சுவர்க் கடிகாரம். அவர் தொடும்வரை அது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தையல் மெசின். பிறகு கிணற்றுக் கப்பி. முன்பு அது கிறீச்சிடும். திருத்திய பிறகு சத்தமே இல்லாமல் கயிற்றை அறுத்தது.

“தம்பி, உங்களுக்கு ஒரு வேலை கிடைக்கவேணும் எண்டு அம்மனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்” என்றார் மாமி. என் கணவர் அதை அன்பென்று எடுத்துக்கொண்டார்.

நான் விஞ்ஞான ஆசிரியை. இடம்பெயர்ந்து வந்த எங்கள் பள்ளிக்கூடம், இன்னொரு பள்ளிக்கூடத்தின் வளவில் மாமரங்களுக்குக் கீழே பின்னேரங்களில் நடந்தது. மின்சாரம் இல்லை, ஆய்வுகூடம் இல்லை. இரண்டு சோதனைக்குழாய்களும் விளிம்பு உடைந்த ஒரு வில்லையும் இருந்தன. இத்தனை வசதிகளை வீணாக்கக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, விஞ்ஞானக் கண்காட்சி ஒன்று நடத்துவதாக எங்கள் தலைமையாசிரியரான அதிபர் அறிவித்தார். எட்டாம் வகுப்பு என் பொறுப்பு. பாடம், தாக்கமும் மறுதாக்கமும்: ஒன்றைத் தள்ளினால் அது திருப்பித் தள்ளும் என்ற விதி.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது வாய் தவறிச் சொன்னேன்: “வெளிநாட்டிலை பிள்ளையள் பிளாஸ்ரிக் போத்திலுக்குள்ளை தண்ணியும் காத்தும் அடைச்சு வானத்துக்கு ரொக்கற் விடுவினமாம்.”

என் கணவர் பிட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். கலியாணம் செய்த நாளிலிருந்து பிட்டைப் பாதியில் விட்டு அவர் எழுந்ததை நான் கண்டதில்லை.

அந்த வட்டாரத்திலேயே பெரிய பிளாஸ்ரிக் போத்தில் ஒன்றுதான் இருந்தது. மாமியின் மகன் கொழும்பிலிருந்து குளிர்பானத்தோடு கொடுத்துவிட்டது. குளிர்பானம் ஒரே நாளில் முடிந்தது. போத்தில் கழுவித் துடைக்கப்பட்டுக் கண்ணாடி அலுமாரியில், மகனின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் நின்றது. படத்தைவிட அதற்குத்தான் தூசு தட்டல் அதிகம்.

“மாமி, உந்தப் போத்திலை ஒருக்காத் தாங்கோ. பிள்ளையளின்ரை படிப்புக்கு” என்றார் என் கணவர்.

“அது திரும்பி வருமோ?”

“மேலை போறது கீழை வரத்தானே வேணும்.”

“முழுசா வருமோ எண்டு கேக்கிறன்.”

அதற்கு விஞ்ஞானத்தில் விடை இருக்கவில்லை. மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, கடிகாரத்தை இனித் தொடுவதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் போத்தில் கைமாறியது.

மற்ற உதிரிப்பாகங்களை அவர் என்னைக் கேட்காமலேயே பெற்றுக்கொண்டார். என் வலதுகால் செருப்பின் ரப்பர் போத்திலுக்கு அடைப்பானது. தன் சைக்கிள் ரியூப்பிலிருந்து வால்வை வெட்டி அடைப்பின் நடுவே செருகினார். புது ரியூப் எங்குமே கிடைக்காத காலத்தில் எடுக்கக்கூடிய மிக நிதானமான முடிவு அது. ஒருமுறை கை முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே படத்தை வெட்டிச் செட்டைகள் செய்தார். வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு செட்டையிலும் அவருடைய எலும்பு தெரிந்தது.

முதல் பரிசோதனை வீட்டுப் பின்வளவில். அரைப் போத்தில் தண்ணீர் விட்டு, அடைப்பை இறுக்கி, கவிழ்த்து இரண்டு கற்களுக்கிடையே செருகி, சைக்கிள் பம்பால் காற்றடித்தார். அடைப்பு பறந்தது, போத்தில் அசையவில்லை. தண்ணீர் முழுவதும் அவர் முகத்தில்.

“மறுதாக்கம் உதுதானோ?” என்று குசினிக்குள் அடுப்படியிலிருந்து மாமி கேட்டார்.

இரண்டாவது முறை போத்தில் பறந்தது, ஆனால் படுக்கையாக. கோழிக்கூட்டின் ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தில் நின்றது. கோழிகள் நான்கு நாள் முட்டையிடவில்லை. அதற்கான விளக்கத்தை விஞ்ஞான ஆசிரியை என்ற முறையில் நான்தான் கொடுக்கவேண்டியிருந்தது. அதன்பிறகு, போத்திலை நேராகப் பிடித்திருந்து கயிற்றை இழுத்தால் விடும்படி, பழைய கதவுப் பிணைச்சல்களால் ஒரு தாங்கி செய்தார். அது அழகான வேலை. அவரிடம் நான் அப்படிச் சொல்லவில்லை, சொன்னால் அடுத்து என் தையல் பெட்டிக்கு ஆபத்து.

கண்காட்சிப் பட்டியலைக் கண்டதும் அதிபருக்கு வியர்த்தது.

“ரீச்சர், ரொக்கற் எண்டு எழுதியிருக்கிறியள்!”

“தண்ணி ரொக்கற், சேர்.”

“தண்ணியோ நெருப்போ, அந்தச் சொல்லைக் கடதாசியிலை எழுதாதேங்கோ. சண்டை நேரம், ஆர் வாசிப்பினம், என்ன நினைப்பினம் எண்டு ஆருக்குத் தெரியும்?”

அதனால் அது ‘நீரின் உந்துகை தொடர்பான எளிய செயன்முறை’ ஆனது. அந்தத் தலைப்பை வாசித்தவர்களில் ஒருவர்கூட அது என்ன என்று வந்து கேட்கவில்லை.

கண்காட்சி நாளில் பிரதம விருந்தினராக ஒரு கல்வி அதிகாரி வந்தார். விஞ்ஞானம் நம்மை விண்ணுக்கு இட்டுச்செல்லும் என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். ஒருவழியாக எங்கள் முறை வந்தது. பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள்; போத்திலைக் கண்காணிக்க வந்த மாமியும் அவர்களோடு. என் கணவர் காற்றடித்து முடித்துக் கயிற்றைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் வானத்தில் குண்டுபோடும் பொம்மர் இரைந்தது.

ஒரு நிமிடத்தில் மைதானம் வெறுமையானது. எல்லோரும் பதுங்குகுழிகளுக்குள். கல்வி அதிகாரி எல்லோருக்கும் முதல். எட்டாம் வகுப்பை எண்ணி இறக்கிவிட்டுப் பார்க்கிறேன், இவர் மட்டும் போத்திலின் பக்கத்தில் புல்லில் குப்புறப் படுத்திருக்கிறார்.

“வாங்கோ இஞ்சாலை! விசரே உங்களுக்கு?”

“ஏலாதப்பா! காத்து நிரம்பியிருக்கு. விட்டிட்டு வந்தால் ஆரும் ஓடிவந்து தட்டுப்படுவினம்!”

விமானம் இரண்டு தரம் சுற்றியது. ஆலை போனபோதும் வீடு போனபோதும் அழாத நான், ஒரு குளிர்பானப் போத்திலுக்குக் காவல் கிடக்கும் அந்த மனிதரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எங்கோ தூரத்தில் இரண்டு வெடிச்சத்தங்கள் கேட்டன. பிறகு இரைச்சல் தேய்ந்து போயிற்று.

எல்லோரும் மேலே வந்தார்கள். கல்வி அதிகாரிக்குத் திடீரென்று அவசர வேலை நினைவுக்கு வந்து புறப்பட்டுவிட்டார். இனி நிறுத்தலாம் என்று அதிபர் சொல்ல வாயெடுத்தார். என் கணவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, யாரையும் கேட்காமல் கயிற்றை இழுத்தார்.

“உஸ்ஸ்” என்றொரு சத்தம். போத்தில் பனைகளின் தலைக்கு மேலே போயிற்று. வாலாக விரிந்த தண்ணீரில் பாதி, வாய் திறந்தபடி நின்ற அதிபரின் வேட்டியில் இறங்கியது. பிள்ளைகள் மேலே பார்த்துக் கத்தினார்கள். சற்றுமுன் அதே வானத்துக்குப் பயந்து ஓடியவர்கள்.

போத்தில் கூட்டத்துக்கு நடுவே முழுசாக வந்து விழுந்தது. முதலில் போய் எடுத்தவர் மாமி. தூக்கிப் பிடித்து, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னார்: “இது என்ரை போத்தில். என்ரை மகன் கொழும்பிலையிருந்து அனுப்பினது.” பிறகு என் கணவரிடம் நீட்டினார். “இன்னொருக்கா விடுங்கோ தம்பி.”

ஏழாவது தரம் அது வெடித்துக் கிழிந்தது. மாமி துண்டுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார்.

மறுநாள் அதிபர் வேறு வேட்டியில் வீட்டுக்கு வந்தார். கிழமையில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குக் கைவேலை காட்டித் தரமுடியுமா என்று என் கணவரைக் கேட்டார்.

“சம்பளம் தர வழியில்லை. தேத்தண்ணி தரலாம். சீனி இல்லாமல்.”

“யோசிச்சுச் சொல்லுறன்” என்றார் இவர், பத்து ஆலைகள் வாசலில் வந்து நிற்பதுபோல. அதிபர் வாசல் படலையைத் தாண்டுவதற்குள் இவர் யோசித்து முடித்துவிட்டார். “சேர், எத்தினை மணிக்கு வரவேணும்?”

செவ்வாய்க்கிழமை இஸ்திரிப்பெட்டிக்குச் சிரட்டைக் கரி போட்டுத் தன் சட்டையைத் தானே அழுத்தி உடுத்தார். இருவரும் நடந்து போனோம். பாதி வழியில் கேட்டார்.

“பிள்ளையள் என்னை என்னண்டு கூப்பிடுவினம்?”

“சேர் எண்டுதான்.”

அவர் சட்டையின் கழுத்தை இழுத்து நேராக்கிக்கொண்டு நடந்தார். காது சிவந்திருந்தது.